தீவுப் படத்தில் ஒரு பென்சில் கோடு

இது நடந்த கதை. நம்பச் சொல்லி நான் யாருடைய கையையும் பிடித்து இழுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பேயைக் கண்டேன் என்று அளப்பவர்கள் கடைசியில் தங்களைத்தான் வீரனாக்கிக்கொள்வார்கள். அருமைநாதன் இதை என்னிடம் சொன்னபோது ஓர் இடத்தில்கூட அவன் வீரனாக இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்லி முடித்ததும், "என்னைப் பாக்க வெறுப்பா இருக்கோ அண்ணை?" என்று கேட்டான். பொய் சொல்பவன் இப்படிக் கேட்கமாட்டான்.

2004 தை மாதம். மொன்றியலில் அந்தத் தை மாதத்தை அனுபவித்தவர்களுக்கு நான் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மூக்கால் மூச்சை இழுத்தால் மூக்குக்குள்ளேயே உறைந்துவிடும்.

அருமைநாதன் மன்னார்க்காரன். படங்களுக்குச் சட்டகம் போடும் ஒரு சிறிய கடையில் வேலை. பழைய தாள்களின் அழுக்கெடுத்து, சுருக்கமெடுத்து, கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்தால் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியாது, அவ்வளவு திறமான கை. முதலாளிக்கு அவனில் முழு நம்பிக்கை. ஆறுதலாகச் செய்யவேண்டிய வேலைகளை வீட்டுக்கே கொண்டுபோக விடுவார். செயின்ட்-மிஷேலில் அவனும் மனைவி ஜென்சியும் இருந்த பேஸ்மென்ட் வீட்டின் சாப்பாட்டு மேசை பாதி நாள் அவனுடைய வேலை மேசையாகத்தான் இருக்கும். முதலாளி அவனுக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளரைக் கேட்காமல் தாளில் உள்ள பென்சில் அடையாளம் எதையும் அழிக்கக்கூடாது. அழுக்கு எங்களுடையது, எழுத்து அவர்களுடையது என்பார்.

ஒரு நாள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். பெயர் மிஸிஸ் மக்ஃபெயில். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு நீளக் குழாய். அதற்குள் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஒரு தீவின் பழைய நிலப்படம். பின்பக்கம் துணி ஒட்டியது. சமதரை என்று சொல்ல உள்ளங்கையளவு இடம்கூட இல்லாத தீவு. மலை, பாறை, சதுப்பு. மண்ணிறச் சமவுயரக் கோடுகள் கைரேகைபோல நெருங்கிக் கிடந்தன.

"என் அண்ணன் ஹேமிஷின் படம்," என்றார். "கட்டிலில் படுத்தபடி பார்க்கவேண்டும். அழுக்கை எடுத்துக் கண்ணாடி போட்டுத் தாருங்கள்."

முழுவதையும் விரித்துக் காட்ட வந்தார். அருமைநாதன் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சுருட்டிவிட்டான். விரித்து வைத்து, இரண்டு பேருமாகப் பார்த்து, எது அழுக்கு, எது எழுத்து என்று பேசிக்கொள்வதுதான் முறை. ஆனால் வரைபடம் என்றால் அவனுக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். அரைக்கண்ணால்தான் பார்த்தான். சுருண்டுகொண்டு வந்தது. மேலே பலகை வைத்து, பலகைக்கு மேல் இரண்டு அரிசி மூட்டைகளைப் பாரம் வைத்தான். ஜென்சி வந்து பார்த்துச் சிரித்தாள்.

"நாளைக்குச் சோறு வேணுமெண்டால் ஆரைக் கேக்கிறது? தீவையோ?"

அடுத்த நாள் வேலையிலிருந்து திரும்பினான். ஜென்சிக்குக் கார்டெரி என்ற பகல் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. ஆறு மணிக்குத்தான் வருவாள். மணி நாலரை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டைகளை இறக்கிப் பலகையைத் தூக்கினான்.

படத்தில் ஒரு பென்சில் கோடு இருந்தது.

மெல்லிய கோடு. நடுங்கும் கையால் போட்டதுபோல் வளைந்து வளைந்து போனது. அவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடம்பு குளிர்ந்துவிட்டது. பேய்ப் பயம் அல்ல. அப்போது அவனுக்குப் பேய் நினைப்பே இல்லை. இது வேறு பயம்.

ஊரில் அவனுடைய அண்ணன் ஆனந்தராசாவிடம் ஒரு கடற்படம் இருந்தது. எங்கே கல் கிடக்கிறது, எங்கே வலை விடலாம் என்று அதில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அது அகப்பட்டது. இது என்ன கோடு, யாருக்குப் பாதை காட்டுகிறாய் என்று கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனந்தராசா திரும்பி வரவில்லை. எங்கே கிடக்கிறான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்றைக்கே அயலில் உள்ள பள்ளிக்கூட அட்லஸ்கள்கூட அடுப்புக்குள் போயின. கோடு போட்ட படம் வீட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் ஆள் போய்விடும். அருமைநாதனுடைய உடம்புக்குத் தெரிந்தது அதுதான். மொன்றியலுக்கு வந்து இத்தனை வருடமாகிவிட்டதென்று உடம்புக்கு யார் சொல்வது?

முதலாளி சொன்னது நினைவு வந்தது. மூதாட்டிக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தாள் முழுவதும் அழுக்கெடுக்கும் றப்பர்த்தூளைக் கொட்டினான். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். கோடு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, ஒன்றும் பார்க்கவில்லை. தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினான். போய்விட்டது.

கை மட்டும் ஈரமாக இருந்தது. மணந்து பார்த்தான். மழையில் நனைந்த ஆட்டின் மணம். வெளியே எல்லாம் இறுகி உறைந்து கிடக்கிற தை மாதத்தில்...

ஜென்சி வந்தாள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் மேசையடியில் நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ. சப்பாத்தோட உள்ளுக்க வந்தனீங்களோ?"

"இல்லையே."

"அப்ப இது ஆற்ற கால்?"

மேசைக்குப் பக்கத்தில் ஈரச் சேற்றுத் தடம். கறுத்தச் சேறு. ஒரு கால் சப்பாத்துப் போட்டது. மற்றது வெறுங்கால், ஐந்து விரலும் தெரிந்தது. இரண்டும் மேசையைப் பார்த்தபடி. வாசலிலிருந்து அங்கே வந்த தடம் எதுவும் இல்லை. அருமைநாதன் துணியை எடுத்துத் துடைத்தான். வெளியே பனியும் உப்பும்தான் கிடந்தன. சேறு என்று ஒன்றை அவர்கள் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் பலகையைத் தூக்கினான். கோடு திரும்ப வந்திருந்தது.

இந்த முறை தடிப்பாக. அழுத்தி. போடுகிறவருக்கு அவசரம் என்பதுபோல.

சரியாக அழிபடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னது பொய் என்று அவனுக்கே தெரியும். திரும்பவும் தூள். திரும்பவும் முகத்தை மறுபக்கம். தேய்த்தான்.

"அது அந்த மனிசியின்ர கோடெல்லோ? அவவைக் கேட்டனீங்களோ?" என்றாள் ஜென்சி.

"கேட்டனான். அழிக்கச் சொன்னவ."

மனைவியிடம் அவன் அப்படிக் கூசாமல் பொய் சொன்னது அதுதான் முதல்தடவை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்கள். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போனார்கள். அவன் எழும்பவில்லை. காலுக்குள் நோவு என்று ஜென்சியிடம் சொன்னான். அதுவும் பொய்.

திங்கட்கிழமை. நாலே முக்கால்.

கதவைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது.

சர்ர்க்... சர்ர்க்...

எலியென்று நினைத்தான். விளக்கைப் போட்டான். சத்தம் நிற்கவில்லை. மேசையிலிருந்து வந்தது. பலகைக்குக் கீழேயிருந்து.

சர்ர்க்... சர்ர்க்...

ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று அவனுக்குத் தெரியாது. மூட்டைகளை இறக்கினான். பலகையைத் தூக்கினான்.

கையில்லை. பென்சில் இல்லை.

கோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தாள் அமுங்கிக்கொண்டு வந்தது. கோடு ஏறியது. நின்றது. பிறகு மெல்ல... திரும்ப ஏறியது.

டொக்.

மேலேயிருந்து ஒரு துளி தண்ணீர். தாளில் விழுந்தது.

டொக்... டொக்...

அவனுக்கு எதிரே, மேசைக்கு மற்றப் பக்கத்தில், யாரோ மூச்சு விட்டார்கள். மலை ஏறிக் களைத்தவரின் மூச்சு. நனைந்த ஆட்டு மணம் மூக்கில் அடித்தது.

அருமைநாதன் கண்ணை இறுக மூடினான். றப்பர்த்தூளைக் கைநிறைய அள்ளிக் கொட்டினான். தேய்த்தான்.

மூச்சு கிட்ட வந்தது.

ஒரு விரல் அவன் நாடியைத் தொட்டது.

பச்சைத் தண்ணீர்க் குளிர். ஈரம்.

அடிக்கவில்லை. நெரிக்கவில்லை. அவன் முகத்தை... மெதுவாக... படத்தின் பக்கம் திருப்பப் பார்த்தது.

பார் என்பதுபோல.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "மாதாவே, மாதாவே" என்றபடி தேய்த்தான். விரல் நாடியிலேயே இருந்தது. நடுங்கியது. அது தன்னுடைய நடுக்கமோ அதனுடைய நடுக்கமோ என்று தெரியவில்லை.

பிறகு விரல் விலகியது.

சத்தமில்லை.

கண்ணைத் திறந்தபோது படம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோடு வரவேயில்லை.

கோடு போனாலும் அழுத்தியதால் விழுந்த பள்ளம் தாளில் இலேசாக இருந்தது. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் தெரியும். அவன் சரித்துப் பிடிக்கவில்லை. ஆனால் அதையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. தாளை இலேசாக ஈரப்படுத்தி, மையொற்றுத் தாளுக்கு நடுவில் வைத்து, மூட்டைகளை ஏற்றி ஒரு கிழமை அமுக்கினான். பழைய மடிப்புகள்கூட மறைந்துவிட்டன. கடையில் முதலாளி படத்தைப் பார்த்து அவன் தோளில் தட்டினார். கண்ணாடி போட்டார்கள்.

கொண்டுபோய்க் கொடுக்க அருமைநாதனையே அனுப்பினார். பட்டப்பகல். ஆற்றங்கரையோரம் மிஸிஸ் மக்ஃபெயிலின் சிறிய வீடு. அவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். கட்டிலுக்கு எதிரே அவன் படத்தை மாட்டிவிட்டு இறங்கியபோது மூதாட்டி படத்தைப் பார்த்து, "வா ஹேமிஷ்," என்றார். குழந்தையைக் கூப்பிடும் குரலில்.

அவனால் தாங்கமுடியவில்லை. கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான். படத்தில் ஒரு பென்சில் கோடு இருந்தது. உங்களைக் கேட்காமல் அழித்துவிட்டேன். என்னை மன்னியுங்கள். காசு வேண்டாம்.

மிஸிஸ் மக்ஃபெயில் சிரித்தார்.

"இதில் கோடு எதுவும் இருக்கவில்லை, மகனே. எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வருகிறேன். ஒரு புள்ளி இருந்தால்கூட எனக்குத் தெரியும்."

"இருந்தது, மடம். மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அழித்தேன்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சேற்றுத் தடம், ஒரு கால் வெறுங்கால், நனைந்த ஆட்டு மணம், நாடியைத் தொட்ட விரல். அவர் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னார். தனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஹேமிஷுக்குப் பத்தொன்பது. ஒரு தை மாதம், காணாமற்போன ஆடுகளைத் தேடி மலைக்குப் போனான். மூடுபனி இறங்கியது. ஊரே திரண்டு மலையில் உறைபனி கரையும்வரை தேடியது. சதுப்பு ஓரத்தில் ஒரு சப்பாத்து மட்டும் கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. அவன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமலே தாய் கண்ணை மூடினாள். அந்தக் கேள்வியைத்தான் மகள் கடல் கடந்து கொண்டுவந்து, இந்த வீட்டில் இத்தனை காலம் வைத்திருந்தாள்.

"அந்தக் கோடு எங்கே முடிந்தது?" என்று கேட்டார். "எந்த இடத்தில்? விரலை வைத்துக் காட்டுங்கள்."

அருமைநாதன் படத்துக்குக் கிட்டப் போனான். அன்றுதான் முதல்முறையாக அதை முழுதாகப் பார்த்தான். எத்தனை மலை, எத்தனை பள்ளம், எத்தனை சதுப்பு. கை தூக்கியது தூக்கியபடி நின்றது. எங்காவது விரலை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தானாம். அதை எனக்குச் சொன்னபோதுதான் அவன் அழுதான்.

"நான் பார்க்கவில்லை, மடம்," என்றான்.

அவர் எழுந்தார்.

"கண்ணாடியைக் கழற்றுங்கள். ஹேமிஷ் எழுதும்போது தாளே கிழியும், அவ்வளவு அழுத்துவான். கோட்டை அழித்தாலும் தடம் இருக்கும்."

தாளை ஒரு கிழமை அமுக்கி எடுத்ததை அருமைநாதன் சொல்லவில்லை. கழற்றிக் கட்டிலில் விரித்துக் கொடுத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தீவின் துறைமுகத்தில் விரல் நுனியை வைத்து மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு போனார். மலை மலையாக. பள்ளம் பள்ளமாக. தீவு முழுவதும் தடவி முடித்துத் திரும்பவும் துறைமுகத்துக்கு வந்தார். இன்னொரு முறை போனார். சுருக்கம் இல்லை, மடிப்பு இல்லை, ஒரு மயிரிழைப் பள்ளம் இல்லை.

கடைசியில் கையை எடுத்தார்.

"மிக நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்," என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு துளி கோபம் இருந்திருந்தால் அருமைநாதன் இன்று எங்களுடைய முகத்தைப் பார்த்துக் கதைப்பான்.