சிவப்பு அட்டையைக் கழற்றியவள்

அந்தச் சிவப்பு அட்டையைக் கழற்றியது நான்தான். மாரிக்கனி அல்ல. ஆறு வருடமாக நான் சொல்லி வருவது பொய்.

கேட்டுக்கொள்ளுங்கள். இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரகடத்தில் வண்டிகளுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறேன். பழுதான கட்டுகளெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். உள்ளங்கையில் அடங்குகிற கேஸ் டார்ச்சால் ஈயத்தை உருக்கி, அறுந்த ஒயரை ஒட்டுவோம். அதே தீயை லேசாகக் காட்டி மேலுறையைச் சுருங்க வைப்போம். இறுகிப்போன நட்டைச் சூடாக்கிக் கழற்றவும் அதுதான்.

கேஸ் தீர்ந்தால் வெளியே கொட்டகையில் வைத்து நிரப்புவோம். நிரப்பிய கையோடு பற்றவைத்தால் தீ எகிறிவிடும். அதனால் டார்ச்சின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். டேக் என்போம். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். டேக் இல்லாத டார்ச்சை யாரும் யோசிக்காமல் எடுக்கலாம்... ஒருவர் கையை இன்னொருவர் நம்பித்தான் அங்கே வேலையே நடக்கிறது.

அன்று காலை நிரப்பியது நான். டேக்கோடு டார்ச்சை உள்ளே கொண்டுவரக் கூடாது. பத்து நிமிடம் அங்கேயே நின்றால் டீ இடைவேளை போய்விடும்; விட்டுவிட்டுப் போனால் அதை எடுக்க மறுபடி கொட்டகைக்கு நடக்க வேண்டும். முந்தின நாள் ஓவர்டைம் வேறு பார்த்திருந்தேன், கால் கடுத்தது. டேக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச்சை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். ஒரு டீ! அவ்வளவுதான் காரணம்.

மாரிக்கனி எனக்குப் பக்கத்து இருக்கை. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். குன்றத்தூரில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவள் அந்த டார்ச்சை எடுத்துப் பற்றவைத்தாள். நீலமாக வரவேண்டிய தீ, மஞ்சளாகப் பொங்கி அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டது.

சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் அழைத்துக் கேட்டார். "டேக் இருந்துச்சா, இல்லியா? இன்னா ஆச்சுன்னு கரெக்டா சொல்லும்மா."

"மாட்டிட்டுதான் சார் போனேன். அவதான் கழட்டிக்கீறா."

டேக் அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வேலை நிரந்தரமாகிறவர்களின் பட்டியலுக்கு என் பெயர் போகவிருந்த மாதம் அது. உங்களுக்கு இது ஒரு காரணமாகத் தெரிகிறதா? எனக்கு அன்று தெரிந்தது.

"இல்ல சார், டேக்கே கெடையாது" என்றாள் மாரிக்கனி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி. ஒரு தடவைதான் சொன்னாள். பத்து வருடம் இருந்தவளை நம்புவார்களா, ஏழு மாதம் இருந்தவளையா? மறுவாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு டார்ச் பிடிக்கக் கற்றுத் தருவது நான். பயிற்சியில் தவறாமல் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவசரப்பட்டு டேக்கைக் கழற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவளின் கதை. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது... ஆனாலும் நிறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாரிக்கனி போன் செய்தாள். ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறாளாம். முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்களாம்.

"நாந்தான் டேக்கைக் கழட்டிருப்பேனோன்னு இப்ப எனக்கே தோணுதுக்கா. எத்தன தடவ யோசிச்சும் பிடிபடல. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கல்லா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "பழசெல்லாம் இன்னாத்துக்கு கண்ணு, வுடு" என்றுதான் வந்தது.

"சரிக்கா. அன்னைக்கு உங்களத்தான் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிக்கிடுங்க."

மன்னித்துவிட்டதாகச் சொன்னேன்.