காணிக்காரன் பங்கு

எண்பத்து நாலாம் ஆண்டு தொடக்கத்தில், வடமராட்சிக் கிழக்கில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் நான் வீடு வாங்கினேன். அதுவரை கொழும்பில் ஒரு திணைக்களத்தில் இலிகிதராக எழுத்து வேலையில் இருந்தவன். முந்திய ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, உடுத்த துணியோடு குடும்பமாக ஊர் திரும்பி, உரும்பிராயில் அண்ணை வீட்டில் தங்கியிருந்தோம். நாங்கள் நாலு பேர், அண்ணை குடும்பம் ஏழு பேர். பதினொரு பேருக்கும் ஒரே குசினி. அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இதில் பாதி எங்களுக்காகத்தான் என்று எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.

தெற்கிலிருந்து வந்த எல்லோரும் காணி தேடியதால் உரும்பிராய்ப் பக்கம் விலை ஏறிவிட்டது. கடற்கரைதான் என் கைக்கு எட்டியது. வீட்டை விற்றவர் அந்த ஊரிலேயே பிறந்த, ஓய்வுபெற்ற தபாலதிபர். மனைவி காலமான பிறகு மன்னாரில் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். முருகைக்கல் சுவர், ஓட்டுக் கூரை, நாலு அறை, ஏழு யன்னல், பத்தொன்பது தென்னை. அவர் சொன்னதை நானும் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தேன். கூரை வளை மரத்தில் கறையான் உண்டா, கோடையில் கிணறு உவர்க்குமா, மாரியில் கடல் எந்தத் தென்னை வரைக்கும் வரும் என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்துக் காணி தபாலதிபரின் தம்பியுடையது. அவர் அந்தக் கரையில் கரைவலைக்குச் சொந்தக்காரர். ஊரில் சம்மாட்டியார் என்பார்கள். எங்கள் தேசவழமைச் சட்டப்படி, காணியை வெளியாளுக்கு விற்பதற்கு முன் பக்கத்துக் காணியில் இருக்கும் இரத்த உறவுள்ள உரித்தாளரைக் கேட்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர் வழக்குப் போட்டு, அதே விலைக்குக் காணியைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். சம்மாட்டியார் வாயால் சம்மதம் சொல்லியிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. உறுதிப் பத்திரம் எழுதும் நெல்லியடி நொத்தாரிசு இதை ஒன்றுக்கு இரண்டு தடவை என்னிடம் சொன்னார். தபாலதிபரோ, தம்பியின் சொல் போதும் என்றார். நானும் காணி உறுதியை எழுதி முடித்தேன். அன்று தொடங்கி எனக்கு நித்திரை குறைந்துவிட்டது.

குடிபோன மூன்றாம் நாள் விடிய, வீட்டுக்கு முன்னால் வலை இழுத்தார்கள். வள்ளத்தில் கொண்டுபோய் வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பதுதான் கரைவலை. ஒரு பக்கக் கயிற்றை எங்கள் கரைத் தென்னையில் கட்டியிருந்தார்கள். இழுக்கிற ஆட்கள் வீட்டைச் சுற்றிய எங்கள் வளவால் போய்வந்தார்கள், எங்கள் கிணற்றில் அள்ளிக் குடித்தார்கள். யாரும் கேட்கவில்லை. நான் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியபோது ஒரு இளம் ஆள் ஓலைக் குடலையில் மீன் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தார். நாங்கள் பரம்பரையாகச் சைவச் சாப்பாட்டுக்காரர். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மரியாதையாகத்தான் சொன்னேன். தம்பி, நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை, இதைக் கொண்டு போங்கோ, இனிமேலும் கொண்டு வரவேண்டாம் என்றேன்.

"வேண்டாமெண்டோ சொல்லுறியள், ஐயா?"

"ஓம் தம்பி, வேண்டாம்."

அவர் குடலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் யாரும் வரவில்லை. தென்னையில் கயிறு இல்லை, கிணற்றடியில் ஆள் இல்லை. வடக்கே, கடலடியில் பார்க் கற்கள் உள்ள இடத்தில் வலை இழுப்பது தெரிந்தது. வளவு அமைதியாகிவிட்டது என்று முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கடுத்த நாளும் அப்படியே. முட்டை கொண்டுவந்த பெண் வரவில்லை. கோவிலுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசல் படலையைத் தாண்டும்போது கதையை நிறுத்தினார்கள். என் மகள்மாரோடு தண்ணீர் அள்ள வந்து சிரித்துப் பேசிய பிள்ளைகள் பாதையில் கண்டால் தலையைக் குனிந்தார்கள். சம்மாட்டியாரின் மனைவி எங்கள் பக்கம் இருந்த தன் யன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்.

இரண்டு கிழமை போனபின் கடைக்காரர் சீனி நிறுத்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். சம்மாட்டியார் பருத்தித்துறையில் ஒரு சட்டத்தரணியிடம் போய் வந்திருக்கிறாராம். கையில் இருந்த பையைக் கடையிலேயே மறந்து விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இந்த வீடும் போனால் குடும்பத்தோடு திரும்பவும் அண்ணையின் குசினிக்குத்தான் போக வேண்டும்.

உரும்பிராய்க்கு ஓடினேன். அண்ணை தோட்டக்காரர், எல்லைச் சண்டைகள் நிறையப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்.

"உறுதி உன்னட்டை, பயம் உனக்கோ? நாலு பக்கமும் வேலியை அடைச்சுப்போட்டு இரு. வாறவன் வரட்டும்."

அவரே வேலிக்குக் கதியால் தடியும் பனையோலையும் ஒரு வண்டி நிறைய ஏற்றி அனுப்பினார். வண்டி வந்து வளவுக்குள் இறக்கத் தொடங்கியபோது சம்மாட்டியார் படலையில் வந்து நின்றார். நான் குடிவந்த பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை.

"வேலி அடைக்கப் போறியளோ, ஐயா?"

"ஓம். என்ரை காணிதானே."

"உங்கடை காணிதான், ஆர் இல்லையெண்டது? நீங்கள் மறிச்ச நாளிலையிருந்து ஒருத்தரும் உள்ளை கால் வைக்கேல்லை. பிறகேன் வேலி?"

நான் யாரையும் மறிக்கவில்லை என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பங்கைத் திருப்பி அனுப்பினீர்களே என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அந்த மீன் அயலவர் கொடுக்கும் அன்பளிப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவர்தான் விளக்கினார். கயிறு கட்டும் காணிக்குச் சொந்தக்காரருக்கு முதல் பங்கு. அவருடைய தகப்பனுக்கும் முந்திய காலத்திலிருந்து அப்படித்தான். காணிக்காரர் அதைக் கையில் வாங்கினால் இழுக்கலாம் என்று அர்த்தம். திருப்பி அனுப்பினால், என் கரையில் இழுக்காதே என்று அர்த்தம். அதற்கு மேல் வாய்ப்பேச்சுத் தேவையில்லை. நான் மறித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் கல்லுப் பக்கம் போயிருக்கிறார்கள். அங்கே வலை இரண்டு தடவை கிழிந்துவிட்டது. அந்த வலையை நம்பிப் பதினாறு குடும்பம்.

"எங்கடை கையாலை வாங்க உங்களுக்கு மனமில்லையெண்டும் சில பேர் கதைச்சவை. நான் அதை எடுக்கேல்லை" என்றார்.

சாதி பார்த்து அப்படி நடந்துகொள்கிறவர்கள் எங்கள் ஆட்களில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். சட்டத்தரணியைப் பற்றிக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"போனனான்தான். கரை இல்லாட்டி எங்களுக்குச் சீவியம் இல்லை. கரையை மறிச்ச ஆளிட்டைக் காணியை விட்டு வைக்கேலுமோ? நீங்களெண்டால் என்ன செய்வியள்?"

நானும் அதைத்தான் செய்திருப்பேன். கதவுக்குப் பின்னால் நின்ற மனைவி, எங்கள் பங்கைப் பின்வளவில் இருக்கும் பெண்ணிடம் நேரே கொடுக்கச் சொல்லலாமே என்றாள். அந்தப் பெண்ணின் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். சம்மாட்டியார் தலையாட்டி மறுத்தார்.

"காணிக்காரன்ரை கை படவேணும், அம்மா. பிறகு நீங்கள் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கடலிலை கொட்டினாலும் நாங்கள் கேக்கமாட்டம்."

மறுநாள் விடிய எங்கள் தென்னையில் கயிறு கட்டினார்கள். நான் குளித்து, திருநீறு பூசி, கரைக்குப் போய் நின்றேன். மீன் நிறைந்த வலை மடியை இழுத்துக் கரையில் போட்டதும் சம்மாட்டியார் முதல் குடலையை என்னிடம் நீட்டினார். அதுவரை என் வாழ்நாளில் மீனைத் தொட்டதில்லை. இரண்டு கையையும் நீட்டிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான ஆள், "பயப்பிடாதையுங்கோ ஐயா, அதுக்குச் சீவன் போயிட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகள்மாரும் வளவுக்குள் நின்று சிரித்தார்கள். குடலை நிறையச் சூடை மீன். கையில் ஏந்தியபடியே நடந்துபோய்ப் பின்வளவுப் பெண்ணிடம் கொடுத்தேன். கிணற்றடியில் மனைவி நான் கை கழுவச் சவர்க்காரத்தோடு நின்றாள்.

அண்ணை அனுப்பிய ஓலையைக் கிணற்றடி மறைப்புக்குப் பாவித்தோம். அடுத்த கிழமை சம்மாட்டியார் நான் கேளாமலே என்னோடு நெல்லியடிக்கு வந்தார். காணி விற்றதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பம் வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது, எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் அந்தக் கரையிலேயே நல்ல தண்ணீர் என்று மட்டும் சொன்னார்.

எண்பத்தேழில் யுத்தத்துக்குப் பயந்து ஒரு தடவை ஓடித் திரும்பினோம். தொண்ணூறுக்குப் பிறகு ஓடினபோது திரும்பவில்லை. கடலில் தொழில் இல்லாமல் சம்மாட்டியார் குடும்பமும் வேறெங்கோ போய்விட்டது. எங்கே என்று தெரியாது. வீட்டின் ஓடும் வளையும் இப்போது இல்லை என்கிறார்கள். காணியை விற்றுவிடச் சொல்லி மகள்மார் கேட்கிறார்கள். விற்கத்தான் வேண்டும். தபாலதிபர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் உண்மையாகவே பதில் சொன்னார். பங்கைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்தக் கரையில் பிறந்தவருக்கு, அதை ஒருவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. அதனால் வாங்க வருகிறவர் எந்த ஊராராக இருந்தாலும், கிணற்றையும் எல்லையையும் பற்றிப் பிறகு கதைக்கலாம், முதல் குடலையைக் கையில் வாங்குவீர்களா என்று முதலில் கேட்கத்தான் நினைத்திருக்கிறேன்.