நீளக் கால் வைத்த ர

எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சிஐடி. டீ தாமதமானால் காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் அதையும் நம்பமாட்டாள்.

எழுத்து விஷயத்திலும் அதே புத்திதான். முனைகளில் சின்னப் பாதம் வைத்த, பழைய பாணித் தடித்த எழுத்து ஒன்று எங்களிடம் உண்டு. வக்கீல் நோட்டீஸ், காணவில்லை அறிவிப்பு, கேள்வித்தாளின் தலைப்பு எல்லாம் அதில்தான். "இதுல போட்டா பொய்கூட உண்மை மாதிரியே நிக்கும்க்கா. அதான் தலைப்புக்கு மட்டும் வைக்கிறேன்" என்பாள். முழு நோட்டீஸையும் தடிப்பாகக் கேட்பவர் எதையோ மறைக்கிறார் என்பது அவள் கட்சி.

அந்த எழுத்தில் ர-வின் சாய்ந்த கால் மெலிசு, நகலெடுத்தால் மறைந்துவிடும். அவளே உட்கார்ந்து அதை நீட்டித் தடிப்பாக்கினாள். வீட்டிலும் வேலை பார்க்க வேண்டுமென்று வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக்கொண்டாள். மறுவாரமே அந்தக் கால் கீழ்வரியில் இடிக்கிறது என்று கடையில் இருந்ததை மட்டும் குட்டையாக்கினாள்.

புதுக் கிளையை அவள் பொறுப்பில் விட முதலாளி முடிவு செய்திருந்தார். "வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. போகப்போகச் சரியாயிடும்" என்றாள்.

அப்போதுதான் தபாலில் அந்த மொட்டைக் கடிதம் வந்தது. வாடிக்கையாளர்களின் வேலைகளை அவள் எதிர்க்கடைக்குக் கொடுக்கிறாளாம். முதலாளி எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டிவிட்டு, கடிதத்தை மேசைக்குள் பூட்டினார். "சனிக்கிழமைக்குள்ள இது பொய்னு எனக்குத் தெரியணும்மா. இல்லன்னா கிளையும் கிடையாது, இங்க வேலையும் கிடையாது."

சிஐடி நேராக என் பைண்டிங் மேசைக்கு வந்தாள்.

"அந்தக் கிளைமேல உங்களுக்கும் ஒரு கண்ணு இருந்துச்சுல்லக்கா?"

ஆசை இருந்தது உண்மைதான். அதற்காக, பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? "போடி, உன் வேலையப் பாரு" என்றேன். அதன்பிறகு பேச்சில்லை. நான் பசை டப்பாவைத் திறந்தால்கூட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான சனியன்.

சனிக்கிழமை காலை, "சார், அந்தக் காகிதத்தை ஒருதடவை என் கையில குடுங்க" என்று கேட்டு வாங்கினாள். 'எச்சரிக்கை' என்ற தலைப்பு மட்டும் அந்தத் தடித்த எழுத்தில் இருந்தது. மற்றதெல்லாம் சாதாரண எழுத்து. ர-வின் கால் நீளமாக இறங்கி, கீழ்வரியில் இடித்துக்கொண்டு நின்றது.

அவள் அந்தக் காலை விரலால் தடவிப் பார்த்தாள்; கடையிலுள்ள ர-வுக்கு இப்போது கால் குட்டை.

"என்னம்மா, யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார் முதலாளி.

அவள் போனை எடுத்து எங்கள் எதிரிலேயே கணவரை அழைத்தாள்.

"என்னங்க, தலைப்பு நல்லா வந்திருக்கு. தலைப்புக்கு மட்டும் தடிச்ச எழுத்து வைக்கணும்னு நான் சொன்னதை மறக்கல நீங்க."

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

முதலாளி கிளைச் சாவியை அவள் முன் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அக்கா, இன்னிக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

நாலு நாள் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் என் வீட்டுச் சாவியைக் கழற்றி, அவள் கையிலிருந்த சாவியோடு சேர்த்து வைத்தேன்.