தண்ணீர் எடுக்க வந்தவர்

நெளுக்குளத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஆராய வருடாவருடம் ஒருவர் வருவார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. போத்தலை எங்கள் தண்ணீராலேயே மூன்று தரம் அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்புவார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முடிவை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியாக வந்தபோது வழிமறித்தேன்.

"ஐயா, என்ர மனுசிக்குக் கிட்னி பழுதாப் போச்சு. இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, கூடாதோ?"

"ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவரட்டும். அதுக்கு முதல் நான் ஒண்டும் சொல்லேலாது."

மகள் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கியவர், எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்டார்.

"வேற என்ன, கிணத்துத் தண்ணிதான்" என்றேன்.

கோப்பையை அப்படியே கதிரையில் வைத்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

தன் உயிர் விஷயத்தில் மட்டும் அந்த மனிதருக்குக் கட்டுரை வெளிவர வேண்டியிருக்கவில்லை.