வயிற்று வலி

என் ஒன்பதாவது வயதில் எங்கள் அப்பாவைப் போலப் பிள்ளையைச் சீராட்டுகிறவர் இல்லை என்று தீவில் நாங்கள் குடியிருந்த பத்துபஸ்தி முழுக்கப் பேச்சு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். சாத்தம் ஜெட்டி என்கிற படகுத்துறையில் இறங்கி, அக்கரைக்குப் போகும் போட்டில் உட்காருவோம். அக்கரை வந்தால் இறங்க மாட்டோம். அதே போட்டில் இக்கரை, மறுபடி அக்கரை. எட்டு மணி வரைக்கும் இதுதான். டிக்கெட் கிழிக்கும் தெலுங்குக்காரர், "க்யா அண்ணா, ஆஜ் பி கூம்னே?" என்று, இன்றைக்கும் சுற்றத்தானா என்று கேட்டுச் சிரிப்பார். பிள்ளைக்குப் போட்டு என்றால் உயிர் என்று அப்பா இந்தியில் பழியை என் தலையில் போடுவார்.

எனக்கு முதல் வாரம்தான் பிடித்திருந்தது. அப்புறம் ஈர பெஞ்சும் டீசல் வாடையும் அலுத்துவிட்டன.

அப்பா குடிப்பவர் என்பது தெரியும். துறைமுகப் பட்டறையில் வெல்டர். கை நடுங்கினால் வேலை போய்விடும் என்று அவரை எச்சரித்திருந்தார்கள். அம்மா அவரைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போய், மாதா கோயிலில் மொட்டை போட வைத்துக் கூட்டி வந்தார். முடி முளைப்பதற்குள் பழைய குருடி கதவைத் திறடி. ஆஸ்பத்திரி மாத்திரையும் அப்படித்தான் ஆனது. கடைசியில் அப்பா தானே கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்தப் போட்டு. ஒயின்ஷாப் எட்டு மணிக்கு மூடும், கடலுக்கு நடுவில் கடை கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக வீட்டில் சத்தம் இல்லை, அம்மா கொஞ்சம் சிரிக்கிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மழைநாள். பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பெண்ணுக்குப் பிறந்தநாள், ஆறு மணிக்குக் கேக். அம்மா டியூட்டி முடிந்து வர எட்டரை ஆகும். அப்பா குடையோடு வந்து நின்றபோது நான் பாயில் சுருண்டு படுத்து, வயிறு வலிக்கிறது என்றேன்.

"ரொம்ப வலிக்குதா?"

தலையாட்டினேன். செருப்பைப் போட்டார், கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் வலிக்குதாம்மா?" என்றார். வலிக்கிறது என்றேன். சுவரோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீவில் சீக்கிரமே இருட்டிவிடும். எழுந்து வந்து மூன்றாம் முறையும் கேட்டார். "அப்பா தூக்கிட்டுப் போறேன். போட்டுல மடியில படுத்துக்க. வாயேன்."

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் முனகினேன்.

தனியாகப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் கேக் சாப்பிட ஓடினேன்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. அப்பா முழுக்க நனைந்திருந்தார், குடை மடக்கியபடியே கையில் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஓமவாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அந்தப் பழைய வாடை அறை முழுக்கப் பரவியது. என் உதட்டில் கிரீம் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடியைத் திறந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். எட்டரைக்கு வந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் இரண்டு வருஷம் நரகம். பட்டறை வேலை போனது. அம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு ஒருநாள் அப்பா மறுபடி ஐந்து மணிக்குச் செருப்பைப் போட்டார். நானும் கிளம்பி நின்றேன். "நீ படிம்மா," என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். மறுநாளும் தனியாக, அதற்கடுத்த நாளும். அவர் குடியை விட்டுப் பதினான்கு வருஷமாகிறது. அவ்வளவு நாளும் ஐந்து மணிக்கு அந்தப் போட்டில்தான் இருக்கிறார். ஒருநாள்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. நான் பொய் சொன்னதற்குத் தண்டனை என்றே வெகுகாலம் எண்ணி உள்ளுக்குள் குமைந்தேன்.

போன வருஷம்தான் அம்மா சொன்னார். மறுபடி தனியாகக் கிளம்பிய அன்றைக்கு அப்பா, "இனிமே பிள்ளையக் கூப்பிட மாட்டேன். பாவம், அது எம்புட்டு நாளு என்னைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்" என்றாராம்.

கேக் ருசி எனக்கு நினைவில்லை. மூன்று முறை அப்பா வந்து நின்றதுதான் நினைவிருக்கிறது. என் வலியைக் கேட்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.