ஸ்டெல்லா தந்த முதல் ஓடர்

“நீங்க பொலிஸா?”

போன புதன்கிழமை, கொட்டாஞ்சேனையில் ஒரு நேர்சரி வாசலில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது.

என் சேலைத் தோளில் மகள் காலையில் பூசிவிட்ட பப்பாசிக் கறை. கக்கத்தில் குடை. பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு சிங்கள விரிவுரையாளர். எந்தப் பொலிஸ் இப்படி வரும்? ஆனால் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஒருத்தி கொப்பியும் பேனையுமாக வந்து, “தினமும் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுவீர்கள்? எந்த வழியால் போவீர்கள்?” என்று விசாரித்தால்... இந்தக் கொழும்பில், இந்த நாட்களில்! நானாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

நான் ஏன் அங்கே போய் நின்றேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிப்பிக்கிறவள் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பீடத்தில் அடுத்த தவணை புதிதாக ஒரு பாடம் வருகிறது: முயற்சியாண்மை. பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, சொந்தமாக ஒன்றைத் தொடங்கும் துணிவைத் தருவதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அதை யார் படிப்பிப்பது? அதற்காக விரிவுரையாளர்களுக்கே ஐந்து நாள் பயிற்சி. திங்கள் முதல் வெள்ளி வரை. முடிவில் இரண்டு பேரைப் பீடாதிபதி தெரிவு செய்வார்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்பதைவிட, குற்ற உணர்ச்சி என்று சொல்லலாம். போன வருடம் என்னிடம் படித்து முடித்த ஒரு மாணவி வந்து, “மிஸ், நீங்க சொல்லித் தந்த மாதிரியே பிளான் எழுதிட்டன். எல்லாம் வடிவா இருக்கு. இனி ஆரிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறது?” என்றாள். நானும் யாரிடமும் போய் எதையும் கேட்டதில்லையே!

பயிற்சி தர வந்தவர் இனோகா என்ற இளம் பெண். முதல் நாளே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி போட்டார். “இங்கே இருப்பவர்களில் யாராவது, வாழ்க்கையில் ஒரு தடவையாவது, எதையாவது விற்றிருக்கிறீர்களா?”

இருபத்திரண்டு விரிவுரையாளர்கள். முகாமைத்துவம், சந்தைப்படுத்தல், கணக்கியல் எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள். ஒரு கையும் எழும்பவில்லை. கடைசியில் சில்வா சேர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

“ஒரு பழைய கார். என் மச்சானுக்கு விற்றேன்.”

“பிறகு?”

“பிறகு மச்சான் என்னோடு பேசுவதில்லை.”

சிரித்து முடித்ததும் இனோகா வேலையைச் சொன்னார். இரண்டு இரண்டு பேராகப் பிரிய வேண்டும். ஏதாவது ஒரு பொருளை யோசிக்க வேண்டும். தெருவுக்குப் போய்ப் பத்துப் பேருடன் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை வரும்போது ஒரு ஓடராவது கையில் இருக்க வேண்டும். ஓடர் இல்லாதவர்கள் இந்தப் பாடத்தைப் படிப்பிக்க நினைக்க வேண்டாம்.

எனக்குச் சோடி சில்வா சேர். எனக்கு அடுத்த அறைதான். நாலு வருடமாகக் காலையில் ஒரு “குட் மோர்னிங்”. அவ்வளவுதான் பழக்கம்.

பொருளை நான்தான் யோசித்தேன். குண்டுச் சத்தம் ஒன்று கேட்டால் கொழும்பில் ஒவ்வொரு தாய்க்கும் முதலில் என்ன தோன்றும்? பிள்ளை எங்கே? ஆகவே பிள்ளையின் பள்ளிப் பையில் தொங்கவிட ஒரு அட்டை. பெயர், விலாசம், இரத்த வகை, தொலைபேசி எண் எல்லாம் தெளிவாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு... அன்று பின்னேரமே மாதிரிக்கு ஒன்று செய்து, வீட்டில் கணவரிடம் காட்டினேன்.

“ஒருத்தர் கட்டாயம் வாங்குவினம்,” என்றார்.

“ஆர்?”

“நீர்தான்!”

செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் தொடங்கினோம். சந்தைப் பக்கம் ஒரு தாயை நிறுத்தினேன். பாதுகாப்பு ஏன் முக்கியம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று காரணங்கள் சொன்னேன். மூன்றாவதற்கு இரண்டு உப பிரிவுகள். அவர் போன பிறகு சில்வா சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: “நங்கி, நீங்கள் பதினொரு நிமிடம் பேசினீர்கள். அந்த அம்மா மூன்று தரம் ‘ஓம்’ என்று தலையாட்டினார்.” நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. அன்றுதான் முதன்முறை அப்படிக் கூப்பிட்டார். கோபிக்க முடியவில்லை.

சேர் மட்டும் என்னவாம்? பாமன்கடைப் பக்கம் ஒரு மரக்கறிக் கடைக்காரரிடம், “உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டார். “மழை வந்தால் சனம் வராது, மாத்தயா,” என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொன்னார் அவர். “இல்லை, இல்லை. உங்கள் பிரச்சினை இருப்பு முகாமைத்துவம்!” என்று திருத்தினார் சேர். பரீட்சைத் தாளில் சிவப்புப் பேனையால் வெட்டுவதுபோல! கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சரி மாத்தயா. ரெண்டு கிலோ போஞ்சி எடுத்தால் மிச்சத்தையும் கேட்கிறேன்.”

விற்கப் போன நாங்கள் போஞ்சியோடு திரும்பினோம்.

அன்று பேசிய ஆறு பேரும் அட்டை வேண்டாம் என்றார்கள். ஆறாவது பெண்தான் காரணத்தையும் சொன்னாள். குரலைத் தாழ்த்தி, சேருக்குக் கேட்காதபடி.

“மிஸ், பேரையும் விலாசத்தையும் பையில தொங்க விட்டால், தமிழ் ஆக்கள் எண்டு பாக்கிறவனுக்கெல்லாம் தெரியுமெல்லே? பிள்ளையை நானே காட்டிக் குடுக்கிறதோ?”

எனக்குச் சுருக்கென்றது. இது எனக்குத் தெரியாதா? செய்த மாதிரி அட்டையை என் மகளின் பையில் நான் ஏன் மாட்டவில்லை? அது மேசையில்தான் கிடந்தது. மாட்டத் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாட்டப் பயந்திருக்கிறேன்! என் பிள்ளைக்கு வேண்டாத ஒன்றை ஊர்ப் பிள்ளைகளுக்கு விற்கப் புறப்பட்டிருக்கிறேன்.

ஆக, புதன்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது எனக்கு நம்பிக்கையே இல்லை. அங்கேதான் அந்தக் கேள்வி. “நீங்க பொலிஸா?”

சேர் உதவி செய்வதாக நினைத்துச் சிங்களத்தில் ஏதோ விளக்கினார். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் இறுகியது. நான் கொப்பியை மூடிக் கைப்பைக்குள் போட்டேன். ஆயத்தம் செய்த கேள்விகள் எல்லாம் மறந்துவிட்டன.

“இல்லை. நான் படிப்பிக்கிறனான். எனக்கும் ரெண்டரை வயதில ஒரு பிள்ளை இருக்கு. வெளியால போனால் நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கும். உங்களுக்கும் அப்பிடியோ?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பப்பாசிக் கறையில் பார்வை நின்றது. சிரித்துவிட்டாள்.

பெயர் ஸ்டெல்லா. ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் கிளார்க். தினமும் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து ஓடி வந்து, மகனை நேர்சரியிலிருந்து கூட்டிப்போய் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, திரும்பவும் வேலைக்கு ஓடுகிறாள். நான் அட்டையைக் காட்டினேன். விளக்கம் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

“புள்ளைக்கு எதுக்கு மிஸ் இது?” என்றாள். “அவன் உள்ளுக்க இருக்கான். சிஸ்டர்மார் இருக்காங்க. தெருவுல, பஸ்ஸுல சுத்துறது நானு. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஹேண்ட்பேக்க தொறந்து ஐடிய எடுப்பாங்க. அதுல எம் பேரு இருக்கும், பொறந்த ஊரு இருக்கும். பன்னெண்டரைக்கு ஒருத்தன் நேர்சரி வாசல்கிட்ட நின்னு அம்மா வரும்னு பாத்துக்கிட்டு இருப்பான்னு அதுல இருக்கா?”

நான் அட்டையைக் கைப்பைக்குள் போட்டேன்.

“எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. ரெண்டு வரி போதும். அவசரத்துல யாரு படிப்பா? மூணு பாஷையிலயும் போடுங்க, யாரு எடுப்பான்னு தெரியாதுல்ல. எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு.”

எங்கள் முதல் ஓடர்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் சில்வா சேர். மருதானை தாண்டிய பிறகு, மெதுவாக, “நங்கி, எனக்கும் ஒன்று வேண்டும்,” என்றார்.

நான் பகிடி என்று நினைத்தேன். இல்லை. அவருடைய மனைவி மூன்று வருடமாகப் படுக்கையில். காலையில் பார்த்துக்கொள்ளும் பெண் இரண்டு மணிக்குப் போய்விடுவாள். மருந்தும் சாப்பாடும் சேர்தான் கொடுக்க வேண்டும். “எனக்கு வழியில் ஏதாவது நடந்தால், அவள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். யாருக்குத் தெரியும்?”

எங்கள் பொது அறையில் ஒரு பகிடி உண்டு. ஒன்றரை மணிக்குச் சேர் குடையை எடுத்தால், “நித்திரைக்கு நேரமாகிவிட்டது” என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். நாலு வருடம் அடுத்த அறையில் இருந்துகொண்டு, ஏன் ஒன்றரைக்குப் போகிறீர்கள் என்று ஒரு தரம் கேட்டேனா? நுகர்வோர் நடத்தை பற்றி மட்டும் அறுபது மணித்தியாலம் படிப்பிப்பேன்.

வியாழக்கிழமை அட்டைகள் தயாராகின. தமிழும் ஆங்கிலமும் நான், சிங்களம் சேரின் உருண்டை எழுத்தில். ஸ்டெல்லாவுக்கு இரண்டு வரிதான் போட்டேன். எனக்குச் செய்த அட்டையில் ஒன்பது வரி. நீலத் துவாய் இல்லாமல் மகள் நித்திரை கொள்ள மாட்டாள் என்பது உட்பட. பிறகு வெட்டினேன். ஏழு வரியாக.

வெள்ளிக்கிழமை பீடாதிபதி முன்னால் நின்றேன். மற்றவர்கள் வண்ண வண்ண எழுத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். என் கையில் ஒரு அட்டை, மூன்று ஓடர்.

“நீங்கள் எடுத்துப் போனது பிள்ளைக்கான அட்டை. கொண்டு வந்திருப்பது தாய்க்கானது. திட்டமிடல் பிழைத்துவிட்டதல்லவா?” என்றார் பீடாதிபதி.

பிழைத்துவிட்டதா? எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு வர எவ்வளவு நேரம்! இனோகாதான் மெல்லச் சொன்னார்: “சேர், இவர் போட்ட திட்டத்தை ஒரு தாய் திருத்தியிருக்கிறார். இவர் அதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். மாணவர்களுக்கு இதைத்தான் பழக்க வேண்டும்.”

தெரிவானவர்கள்: நானும் சில்வா சேரும். கைதட்டல். பிறகு பீடாதிபதி நேர அட்டவணையைப் பார்த்துச் சொன்னார்: “வகுப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு.”

சில்வா சேர் எழுந்தார். “மன்னிக்க வேண்டும். எனக்கு வசதிப்படாது. வேறு யாரையாவது போடுங்கள்.” காரணம் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ நித்திரைப் பகிடியைத் தொடங்கினார்கள்.

நான் பீடாதிபதியிடம் அதுவரை “ஓம் சேர்” தவிர வேறெதுவும் பேசியதில்லை. “சேர், வகுப்பைக் காலை எட்டு மணிக்கு மாற்ற ஏலாதா? மாற்றினால் நாங்கள் ரெண்டு பேரும் படிப்பிப்போம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டவணையைத் திரும்பப் பார்த்தார். “எட்டு மணிக்கு மண்டபம் சும்மாதான் இருக்கிறது,” என்றார்.

சில்வா சேர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெருமையோடு வீட்டுக்கு வந்து, கதை முழுவதையும் கணவருக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “அது சரி... மகள் எழும்புறதே ஏழரைக்கெல்லே?” என்றார்.

தெருவில் அத்தனை பேரைக் கேட்டவள், வீட்டில் ஒருத்தியைக் கேட்க மறந்துவிட்டேன்!