அத்தை வீட்டு வெள்ளைச் சுவர்

முக்கூடலில் என் அத்தை வீட்டுச் சுவர் பஸ் போகிற ரோட்டைப் பார்த்து நிற்கும். அப்படியொரு சுவர் இருந்தால் தேர்தல் காலத்தில் சும்மா விடுவார்களா? மாமா கட்சியின் கிளைச் செயலாளர். வேறு யாரும் கேட்குமுன்பே மூலையில் கட்சிப் பெயரை எழுதிப் பிடித்துப் போட்டுவிட்டார். அப்படி எழுதிவிட்டால் அடுத்த கட்சிக்காரன் அந்தச் சுவரைத் தொடமாட்டான். ஊர் வழக்கம் அது.

கட்சி என்றால் புதுக் கட்சி. தொண்ணூறுகளின் நடுவில் பெரிய கட்சி எங்கள் தலைவரை வெளியே தள்ளியது. மாமா பழைய கரைவேட்டியைப் பரணில் எறிந்துவிட்டு அவர் பின்னால் போனார். மாமாவை விட வேகமாக அத்தை போனாள். புதுக் கொடியைத் தைத்தது அவள்தான். கொடியேற்றிய அன்றே பழைய கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஆட்களோடு வந்து கம்பத்தைச் சாய்த்தார். அத்தை கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. கம்பம் விழுந்து அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நசுங்கியது. பிறகு அது மடங்கவே இல்லை. பீடி சுற்றிப் பிழைக்கிறவளுக்கு விரல் போனால் பாதிக் கூலி போயிற்று. அவள் அழவில்லை. திட்டினாள், தெருவே கேட்கத் திட்டினாள்.

அடுத்த தேர்தலில் எங்கள் தலைவர் அதே பழைய கட்சியோடு கூட்டணி வைத்தார். எங்கள் தொகுதி வேட்பாளர் யார் என்கிறீர்கள்? கம்பத்தைச் சாய்த்த அந்த மகராசன்தான். கூட்டணி என்றால் சுவரும் கூட்டுத்தானே! அவருடைய சின்னத்தை எழுத பெயிண்டர் வந்தார். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே மாமாவும் வந்தார். வெள்ளையடித்துக் காயவிட்டு, டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது அத்தை பீடி இலையும் தூளும் பரப்பிய சொளகை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேலிடம் முடிவு பண்ணிவிட்டது, நம் கையில் என்ன இருக்கிறது என்று மாமா மன்றாடினார். அத்தை இலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:

“கட்சி உங்களுது. சுவரு எங்க அப்பன் கட்டுனது. எழுதணும்னா என் முதுகுல எழுதச் சொல்லுங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, நீயும் இங்கன வந்து உக்காரு.”

உட்கார்ந்தேன். பாவாடையெல்லாம் சுண்ணாம்பு. எனக்கு ஒரே குஷி. பெயிண்டர் பொழுது சாயும்வரை பார்த்துவிட்டுத் தூரிகையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று கட்சிக்காரர்கள் மாமாவைக் கேலி பேசினார்கள். தெரு முழுக்கச் சின்னம் சிரிக்க, எங்கள் சுவர் மட்டும் வெள்ளையாக நின்றது. வேட்பாளர் ஜெயித்தார். அதனால் என்ன, எங்கள் சுவரும் ஜெயித்தது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கடுத்த தேர்தலுக்குள் கூட்டணி முறிந்தது. கேலி பேசிய அதே கட்சிக்காரர்கள், அன்றைக்கே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது என்று புகழ்ந்துகொண்டே வந்தார்கள். இந்தத் தடவை எழுதப்போவது எங்கள் சொந்தச் சின்னம்! மாமா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் உள்ளே ஓடி, நாம் ஜெயித்துவிட்டோம், வா என்று அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அத்தை வந்தாள், சொளகோடு. அதே இடத்தில் அதே மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மடங்காத விரலை நீட்டி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் பீடி சுற்றத் தொடங்கினாள். பக்கத்தில் உட்காரச் சொல்லி என்னைப் பார்த்தாள். நான் உட்காரவில்லை, மாமா பக்கம் போய் நின்றுகொண்டேன். இவ்வளவு நல்ல அத்தைக்கு அரசியல் மட்டும் தெரியவில்லையே என்று அன்றைக்கு எனக்கு அத்தனை வருத்தமாக இருந்தது.